காரில் கல் அடித்த புள்ளிகளும் நோஞ்சான் பெயின்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு முறையாவது சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போய்வருகிறேன். ஒன்பது வருடமாக ஒரே வண்டி, அடர் சாம்பல் நிற மெட்டாலிக். அதன் பானெட் நுனியில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பது எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களும் உறவினர்களும் புது வண்டி எடுத்த கையோடு என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்பெனியில் அடித்து வந்த பெயின்ட் அந்த வண்டிக்கு ஒரு முறைதான் கிடைக்கும். கீழே வரும் யோசனைகள் எல்லாம் அதை முடிந்தவரை காப்பாற்றத்தான்.

வண்டி எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பானெட்டில் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் போயிருக்கிறது. மட்டமான பெயின்ட் அடித்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. அவை கல் அடித்த தடங்கள். முன்னால் போகும் லாரியின் டயர் ஒரு பட்டாணி அளவு ஜல்லியைக் கிளப்பிவிட்டால் போதும், உங்கள் வண்டியே வேகமாகப் போய் அதன் மேல் மோதுகிறது. அடியின் பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 90 ஆனால் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, அடியோ இரண்டேகால் மடங்கு விழுகிறது. ஊருக்குள்ளேயே ஓடும் வண்டி வருடக்கணக்கில் புள்ளி இல்லாமல் இருப்பதும், ஒரே ஒரு நெடுஞ்சாலைப் பயணத்தில் ஐந்து புள்ளிகள் விழுவதும் இதனால்தான்.

கல்லடியை வாரன்டியில் பொதுவாக ஏற்பதில்லை, வெளியிலிருந்து வந்த சேதம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு புள்ளியைச் சுற்றிப் பெயின்ட் ஏடு ஏடாக உரிந்து வந்தால், அடியில் வழவழப்பாக இருந்தால், அது வேறு விஷயம். அடுக்கு சரியாக ஒட்டவில்லை என்று பொருள். உடனே படம் எடுத்து, சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பெயின்ட் அவ்வளவு மெல்லியதா?

நினைப்பதைவிட மெல்லியது. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காரின் மொத்தப் பெயின்ட்டும் பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரானுக்குள் அடங்கிவிடும், சில வண்டிகளில் 80, 90தான். அதற்குள் நான்கு அடுக்குகள். தகரத்தின் மேல் முதலில் இ-கோட், சுமார் 20 மைக்ரான். முழு பாடியையும் பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைப்பது அது. துருவைத் தடுப்பதில் முக்கியப் பங்கு அதற்குத்தான். அதன் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அடுத்து நிறம், கடைசியாக 35 முதல் 50 மைக்ரானுக்கு நிறமில்லாத கிளியர் கோட். நாம் கையால் தடவுவது இந்தக் கடைசி அடுக்கைத்தான். நிறம் இருக்கும் அடுக்கு 15 மைக்ரான் அளவில்தான் இருக்கும்.

அந்தக் காலத்து அம்பாசடர் பெயின்ட் எல்லாம் கல்லு மாதிரி இருந்ததே?

அதில் பாதிதான் உண்மை. அந்தப் பெயின்ட் தடிமனாக இருந்தது. மேலே தனியாகக் கிளியர் கோட் கிடையாது, நிறமே கடைசி வரை. அதனால் சின்னக் கல்லடி கண்ணில் படாது. துணியில் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியிலும் அதே நிறம் ஒட்டும். ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளிறிப் பொடி பூக்கும், தகரத்தில் துருத் தடுப்பும் இன்றைய அளவுக்குக் கிடையாது. இன்றைய வண்டி துருவை நன்றாகவே தாங்குகிறது. மேல்பூச்சுதான் நோஞ்சானாகிவிட்டது.

அதற்குக் காரணங்கள் உண்டு. சுற்றுச்சூழல் விதிகளுக்காக நிற அடுக்கைத் தண்ணீர் கலந்த பெயின்ட்டாக மாற்றினார்கள். செலவையும் சூளைக்கான எரிசக்தியையும் மிச்சப்படுத்த, பல தொழிற்சாலைகளில் பிரைமரைத் தனியாகச் சுடுவதை விட்டுவிட்டார்கள். சில இடங்களில் பிரைமர் அடுக்கே இல்லை, அதன் வேலையை நிற அடுக்கு பார்த்துக்கொள்கிறது. கல்லடியை வாங்கி உள்ளுக்குள் விழுங்கிக்கொள்வது முன்பு அந்தப் பிரைமர்தான்.

இன்னொன்று, கீறலைத் தாங்குவதும் கல்லடியைத் தாங்குவதும் ஒன்றல்ல. 2003 வாக்கில் மெர்சிடிஸ் பென்ஸ் நுண்ணிய செராமிக் துகள்கள் கலந்த கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. கார் கழுவும்போது விழும் மெல்லிய கீறல்களைக் குறைப்பதுதான் அதன் நோக்கம். பாய்ந்து வரும் ஜல்லிக்கு அது பதில் இல்லை.

எந்த இடங்களில் தேட வேண்டும்?

பானெட்டின் முன் விளிம்பு, பம்பர், சைடு மிரரின் முதுகு, முன் கண்ணாடிக்கு இருபுறமும் ஏறும் தூண்கள், கூரையின் முன் ஓரம். இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். யாரும் குனிந்து பார்க்காத இடம் கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டையும், பின் டயருக்கு முன்னால் இருக்கும் வளைவும். அங்கே கல் அடிப்பது முன்னால் போகும் லாரி இல்லை, உங்கள் வண்டியின் முன் டயரேதான். நான் பார்த்தவரை, வண்டியைத் தின்னும் துரு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, கழுவிக் காய்ந்த வண்டியைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒரு புள்ளி எவ்வளவு ஆழம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தைப் பார்த்தால் தெரியும். தண்ணீர் தெளித்ததும் மறைந்துவிட்டால் கிளியர் கோட்டில் மட்டும் அடி. வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ தெரிந்தால் பிரைமர் வரை. அடர் சாம்பலாக, மங்கலாக இருந்தால் இ-கோட், அதுவரைக்கும் பயமில்லை. பளபளவென்று மின்னினால் தகரம். பழுப்பு நிறம் வந்துவிட்டால் துரு தொடங்கிவிட்டது. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அது வெறும் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, அழகுக்காக மட்டும் கவலைப்பட்டால் போதும்.

வெள்ளைக் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் புள்ளி விழுந்தாலே தெரியாது, பிரைமரும் வெளிறியதாக இருப்பதால். துருப்பிடித்த பிறகுதான் கண்ணில் படும். கறுப்பு, சிவப்பு வண்டிகளைவிட இன்னும் கவனமாகத் தேட வேண்டும்.

அப்படியே விட்டால் என்ன ஆகும்?

அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இ-கோட் உடையாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. தகரம் தெரிந்தாலும், அந்தப் பாகம் துத்தநாகம் பூசியதாக இருந்தால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் கொஞ்ச காலம் காப்பாற்றும். எல்லா வண்டியிலும் எல்லாப் பாகமும் அப்படி இருப்பதில்லை. அலுமினிய பானெட் என்றால் பழுப்புத் துரு வராது, பதிலாகப் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி போலப் பூத்துக் கொப்பளிக்கும்.

சேலம், கோயம்புத்தூர் பக்கம் ஓடும் வண்டியில் சில மாதம் தாங்கும் புள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தூத்துக்குடியிலும் தாங்காது. உப்புக்காற்று பட்டால் சில நாட்களிலேயே பழுப்பேறும். கடலோரத்தில் குடியிருப்பவர்கள் தகரம் தெரியும் புள்ளியை அந்த வாரமே மூடிவிடுங்கள். கையில் ரீடச் பெயின்ட் இல்லையென்றால், சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து ஒரு துண்டு நல்ல செலோ டேப் ஒட்டி வையுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் ஈரம் உள்ளே போகாது.

வீட்டிலேயே ரீடச் செய்யலாமா? எப்படி?

தாராளமாகச் செய்யலாம். பொறுமை இருந்தால் போதும், கைத்திறன் பெரிதாக வேண்டாம்.

நேரம் முக்கியம். மழை நாள் வேண்டாம், காற்றில் ஈரம் அதிகமானால் கிளியர் பால் போல வெளுத்துவிடும். உச்சி வெயிலும் வேண்டாம், சூடான பானெட்டில் பெயின்ட் தொட்டதும் காய்ந்து கட்டி தட்டும். காலை ஏழு மணி, நிழல், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் பானெட். இதுதான் சரியான சமயம்.

முதலில் வண்டியை ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். காய்ந்த பிறகு புள்ளியை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் எடுங்கள். ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பெயின்ட் துணுக்கை ஊசி நுனியால் மெல்ல எடுத்துவிடுங்கள். அதன் மேல் பூசினால் அடுத்த மாதம் இரண்டும் சேர்ந்து விழும். துரு இருந்தால் அதே ஊசியாலோ, குச்சி நுனியில் ஒட்டிய சின்ன உப்புத்தாள் துண்டாலோ பளபளப்பு வரும்வரை சுரண்டுங்கள். முழுவதும் போகவில்லை என்றால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியை ஒரு துளி வைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டுத் துடையுங்கள். நல்ல பெயின்ட் மேல் அது வழிய வேண்டாம்.

தகரம் தெரிந்த இடத்துக்குப் பிரைமர் கட்டாயம். பல்குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து, குழிக்குள் மட்டும் வையுங்கள். டச்-அப் பாட்டிலோடு வரும் பிரஷ் ஆகாது, கல் அடித்த புள்ளிக்கு அது துடைப்பம் மாதிரி. படம் வரைபவர்கள் வாங்கும் மிக மெல்லிய பிரஷ் அல்லது பல்குச்சிதான் சரி.

பிரைமர் காய்ந்ததும் நிறம். பாட்டிலை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள், மெட்டாலிக் துகள் அடியில் தங்கியிருக்கும். குழியை ஒரே தடவையில் நிரப்ப ஆசைப்படாதீர்கள். காயும்போது பெயின்ட் சுருங்கி உள்ளே இறங்கும். மெல்லிய சொட்டாக வைத்து, முக்கால் மணி நேரம் விட்டு, மறுபடியும் வைத்து, மூன்று நான்கு முறை ஏற்றுங்கள். மறுநாள் கிளியர் ஒரு சொட்டு, சுற்றியிருக்கும் பரப்பைவிட ஒரு நூல் மேலே நிற்கும்படி. ஒரு வாரம் பாலிஷ், மெழுகு எதுவும் வேண்டாம்.

அந்த மேட்டை 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமமாக்குவதை இணையத்தில் அழகாகக் காட்டுவார்கள். நான் செய்வதில்லை, முதல் முறை செய்பவருக்கும் சொல்வதில்லை. சுற்றியிருக்கும் கிளியர் கோட் 40 மைக்ரான்தான். கை ஒரு நொடி தவறினால், புள்ளி இருந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு மங்கல் விழும். இரண்டடி தள்ளி நின்றால் அந்தச் சின்ன மேடு தெரியாது. ஈரம் உள்ளே போகவில்லையா, அது போதும்.

சொட்டு சரியாக அமையவில்லை என்றால், ஈரமாக இருக்கும்போதே துணியில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். தின்னர் வேண்டாம். கம்பெனிப் பெயின்ட் ஓரளவு தாங்கும், பட்டறையில் மறுபடி அடித்த பாகம் என்றால் தின்னர் பட்டதும் இளகிவிடக்கூடும்.

சரியான நிறத்தை எப்படி வாங்குவது?

பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், கலர் கோடைச் சொல்லுங்கள். ஒரே கம்பெனியில் "வெள்ளை" என்று மூன்று நான்கு இருக்கும். பல வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கோடு இருக்கும், சிலவற்றில் பானெட்டுக்கு அடியில் உள்ள தகட்டில். டொயோட்டாவின் சாதாரண வெள்ளைக்கு 040 என்று வெறும் எண்தான். ஹோண்டாவில் 'என்ஹெச்' என்று தொடங்கினால் வெள்ளை, சாம்பல், கறுப்பு வகை. தேடிக் கிடைக்காவிட்டால், சேசிஸ் எண்ணைச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் எடுத்துத் தருவார்கள்.

கோடு சரியாக இருந்தும் நிறம் சற்று மாறித் தெரியலாம். உங்கள் வண்டி வருடக்கணக்கில் வெயிலில் நின்றது, பாட்டில் நின்றதில்லை. மெட்டாலிக் நிறத்தில் இது இன்னும் கூடுதல்: ஸ்ப்ரே அடிக்கும்போது அலுமினியத் துகள்கள் தட்டையாகப் படுத்து ஒளியைத் திருப்பி அடிக்கின்றன, பல்குச்சியில் வைக்கும்போது கண்டபடி நிற்கின்றன. அதனால் ஒரு கோணத்தில் பொருந்தும், இன்னொரு கோணத்தில் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். வைப்பதற்கு முன் ஒரு வெள்ளை அட்டையில் தடவிக் காயவைத்து வண்டியோடு ஒட்டிப் பாருங்கள்.

நெயில் பாலிஷ்? டூத்பேஸ்ட்?

நெயில் பாலிஷ் ஈரத்தைக் கொஞ்ச நாள் தடுக்கும். வெயிலில் நிறம் மாறி வெடித்துவிடும், அதைச் சுரண்டி எடுப்பது இரட்டை வேலை. அவசரத்துக்கு நிறமில்லாததை ஒரு சொட்டு வைப்பதில் தப்பில்லை. டூத்பேஸ்ட் தேய்க்கும் பொருள், நிரப்பும் பொருள் இல்லை. கல்லடிக்கு அதனால் எந்தப் பயனும் கிடையாது.

பட்டறையில் "பானெட் முழுக்க அடித்துவிடலாம், புதுசாகிவிடும்" என்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

இதற்கு முன் நான் வைத்திருந்தது சிவப்பு வண்டி. பானெட்டில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். ஒரு பட்டறையில் இதே வார்த்தையைச் சொன்னார்கள், நானும் சம்மதித்தேன். தகரக் கொட்டகைக்கு அடியில், திறந்த வெளியில், இரண்டு நாளில் அடித்துக் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு வரும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பானெட் ஓரத்தில் கிளியர் கோட் வெங்காயத் தோல் போல உரியத் தொடங்கியது. பக்கத்து ஃபெண்டர் அதே சிவப்பில் நிற்க, பானெட் மட்டும் செங்கல் நிறமானது. பன்னிரண்டு புள்ளிகளுக்காக, நன்றாக இருந்த ஒரு முழுப் பாகத்தின் கம்பெனிப் பெயின்ட்டை நானே தேய்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

காரணம் எளிது. தொழிற்சாலையில் வண்டி வெறும் தகரக் கூடாகச் சூளைக்குள் போகிறது, சுமார் 140 டிகிரியில் பெயின்ட் சுடப்பட்டு இறுகுகிறது. பட்டறைக்கு வருவது ஒயரிங், ரப்பர், பிளாஸ்டிக், பெட்ரோல் டேங்க் எல்லாம் உள்ள முழு வண்டி. நல்ல பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) இருந்தாலும் 60 டிகிரி அளவில்தான் சூடேற்ற முடியும். அதனால் ஹார்டனர் (பெயின்ட்டை இறுகவைக்கும் ரசாயனம்) கலந்த வேறு வகைப் பெயின்ட்டை அடிக்கிறார்கள். திறமையானவர் கையில், நல்ல பூத்தில், அது பல வருடம் நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் உப்புத்தாள் பிடித்தவர் ஒரு மூலையில் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தால் அங்கிருந்து உரியும். அது அன்றைக்கு உங்களுக்குத் தெரியாது.

அப்படியானால் எப்போதுதான் முழுப் பாகத்தையும் அடிக்க வேண்டும்?

பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பியிருந்தால், கிளியர் ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்தால், கல்லோடு சேர்ந்து தகரமும் நசுங்கியிருந்தால். இந்த மூன்றுக்கும் ரீடச் உதவாது.

கொடுக்கும்போது நேராகக் கேளுங்கள்: மூடிய பூத்தில்தானே அடிக்கிறீர்கள்? பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை), பேட்ஜ் எல்லாம் கழற்றி அடிப்பீர்களா, டேப் ஒட்டி அடிப்பீர்களா? டேப் ஒட்டிய விளிம்பில்தான் பெயின்ட் முதலில் எழும்பும். தகரம் வெளியே வந்த இடத்துக்கு எபாக்ஸி பிரைமர் உண்டா, இல்லை நேராகப் பட்டியா (பள்ளத்தை நிரப்பும் பசை)? கதவுக்குக் கீழே உள்ள பட்டை என்றால், கம்பெனியில் அங்கே சொரசொரப்பாக ஒரு கல் தாங்கும் பூச்சு இருக்கும். அதைத் திரும்பப் போட்ட பிறகுதான் நிறம் அடிக்க வேண்டும். மழமழவென்று அடித்துக் கொடுத்தால் பார்க்க அழகு, ஒரு பயணத்தில் போய்விடும்.

ஹார்டனர் கலந்த ஸ்ப்ரே டப்பாவை வாங்கி வீட்டு மாடியில் அடிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கும். துணி முகமூடி அதற்குக் காப்பு இல்லை.

செராமிக் கோட்டிங் போட்டால் கல்லடி தடுக்குமா?

தடுக்காது. அதன் தடிமன் ஓரிரு மைக்ரான் அளவுதான். தண்ணீர் ஒட்டாமல் ஓடும், கழுவுவது எளிது, பறவை எச்சத்துக்கு எதிராகக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கடையில் வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதீர்கள்.

பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் ஒளி ஊடுருவும் படலம்) ஒட்டுவது?

அது நிஜமாகவே தடுக்கும். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள யூரித்தேன் படலம் அது, அதாவது வண்டியின் மொத்தப் பெயின்ட்டைவிடத் தடிமன். அடியை வாங்கி நெளிந்து கொடுக்கும். நல்ல வகையில் மெல்லிய கீறல் வெயில் சூட்டில் தானே மறையும்.

முழு வண்டிக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தைத் தொடலாம். அத்தனை தேவையில்லை. பம்பர், பானெட், மிரர் முதுகு, கதவுக்கீழ்ப் பட்டை, பின் டயருக்கு முன் வளைவு. இவ்வளவுதான் கல் வாங்கும் இடங்கள். பணம் இன்னும் குறைவென்றால் கடைசி இரண்டை மட்டுமாவது செய்யுங்கள், பெரிய செலவு ஆகாது.

மூன்று விஷயத்தில் கவனம். பிவிசி படலத்தை பிபிஎஃப் என்று விற்பவர்கள் உண்டு, அது வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். வண்டி மேலேயே பிளேடு வைத்து வெட்டினால் பெயின்ட்டில் கோடு விழும், முன்கூட்டியே அளவாக வெட்டி வருகிறதா என்று கேளுங்கள். பட்டறையில் மறுபடி அடித்த பாகத்தில் ஒட்டினால், பின்னால் உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரக்கூடும்.

ஓட்டும்போது என்ன செய்யலாம்?

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் மூன்று நொடி இடைவெளி. எம்-சாண்ட், ஜல்லி ஏற்றிய டிப்பர் என்றால் அதையும் இரட்டிப்பாக்குங்கள். தார்ப்பாய் மூடாத டிப்பர் ஆபத்துதான், ஆனால் பெரும்பாலான கல் சரக்கிலிருந்து விழுவதில்லை, சாலையில் கிடப்பதைத்தான் டயர் கிளப்புகிறது. பின்னாலேயே ஒட்டிப் போவதைவிட, இடம் கிடைத்ததும் முந்திப் போங்கள், அல்லது விலகி நின்று ஒரு டீ குடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடாமல் கிடக்கும் சாலை மிக மோசம். அங்கே 40க்கு மேல் வேண்டாம். நான்கு வழிச்சாலையில் நடுத்தடுப்பை ஒட்டிய ஓரத்திலும் இடது கடைசி ஓரத்திலும் பொடிக்கல் ஒதுங்கிக் கிடக்கும், டயர் அதில் ஏறாமல் பாருங்கள். மட் ஃபிளாப் நான்கு டயருக்கும் இருக்கட்டும். அகலமான டயர் மாற்றியவர்கள் கவனியுங்கள்: டயர் பாடியைவிட வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உங்கள் கதவு மேலேயே நீங்கள் கல் எறிந்துகொண்டு போகிறீர்கள்.

கழுவும்போது?

காலையில் ஒரு பக்கெட், ஒரு பழந்துணியோடு வந்து ஆறு வண்டி துடைப்பவரைக் குறை சொல்ல மனமில்லை, அவர் நேரம் அப்படி. ஆனால் முதல் வண்டியின் மண் அந்தத் துணியிலேயே ஆறாவது வண்டிக்கு வருகிறது. வாரம் ஒரு முறை கழுவினால் போதும், தினமும் துடைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அதே சம்பளத்தைக் கொடுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள், பிறகே துணி. போர் தண்ணீர் என்றால் காயவிடாமல் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உப்பு வட்டம் வட்டமாகப் படியும்.

வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் துப்பாக்கியைக் கல் அடித்த புள்ளிக்கு அருகில் பிடித்தால் விளிம்பில் புகுந்து ஏடாகத் தூக்கிவிடும். இரண்டடியாவது தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்கு வைக்கும் விபூதியும் சந்தனமும் காய்ந்த பிறகு துணியால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விபூதி நுண்ணிய பொடி, தேய்த்தால் கீறும். மாலையைக் கம்பியால் கட்டியிருந்தால் கோயில் வாசலிலேயே அவிழ்த்துவிடுங்கள், பானெட்டில் உரசிக்கொண்டு வீடுவரை வர வேண்டாம்.

இன்சூரன்சில் வாங்க முடியுமா?

முடியும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பானெட் பெயின்ட்டுக்கு 6,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். கூலியும் பெயின்ட்டும் சேர்ந்த பில்லில் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்து அதில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள், அது 750. கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000, அதற்கு மேல் 2,000. சின்ன வண்டிக்குக் கையில் வருவது 4,250.

மூன்று வருடம் கிளைம் இல்லாமல் 35 சதவீதம் என்சிபி (கிளைம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) வைத்திருப்பவர் இதைக் கேட்டால், அடுத்த வருடம் 45க்குப் பதில் பூஜ்யம், அதற்கடுத்த வருடம் 50க்குப் பதில் 20. சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 என்றால் இரண்டு வருடத்தில் 7,500 போகிறது. வேறு பெரிய சேதத்தோடு ஒரே விபத்தில் சேர்ந்து வந்தால் மட்டும் கேளுங்கள்.

முன் கண்ணாடியில் கல் அடித்தால்?

பெயின்ட்டைவிட இதற்கு அவசரம் அதிகம். சின்ன நட்சத்திரமாக இருக்கும்போதே தூசி போகாமல் டேப் ஒட்டி, ரெசின் நிரப்புபவரிடம் போங்கள். வெயிலில் கொதித்த கண்ணாடி மேல் ஏசியை முழு வேகத்தில் திருப்பினால் விரிசல் ஓடிவிடும். கண்ணாடியையே மாற்ற நேர்ந்தால், இன்சூரன்சில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை.

பழைய கார் வாங்கப் போகிறேன். பானெட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. நல்லதுதானே?

60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஒரு புள்ளியும் இல்லையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவேன். பெயின்ட் தடிமன் பார்க்கும் சின்னக் கருவி கிடைக்கிறது, கூட வரும் மெக்கானிக்கிடம் இருக்கலாம். எல்லாப் பாகத்திலும் வைத்துப் பாருங்கள். 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டினால் கம்பெனிப் பெயின்ட். 200, 300 என்றால் மறுபடி அடித்தது. 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது, என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் 110 காட்டி, பானெட் நுனியில் நாலைந்து ரீடச் சொட்டு மேடாகத் தெரிந்தால், அந்த வண்டியை வைத்திருந்தவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும். விலை பேச உட்காரலாம்.